தூரம் போகாத காய்கள்: உழவர் சந்தைகளின் வழியே

தமிழ்நாட்டில் ஊர் பார்க்கப் புறப்படுவோர் கோயிலையும் கோட்டையையும் அருவியையும் தேடிச் செல்கின்றனரே அன்றி, அந்த ஊரைச் சுற்றியுள்ள நிலத்தில் அந்த வாரம் என்ன விளைந்திருக்கிறது என்பதை ஒரே பார்வையில் காட்டிவிடும் உழவர் சந்தைக்குள் நுழைவதைப் பயணத்தின் பகுதியாகக் கருதுவதில்லை. பயிரிட்டவரே தம் விளைச்சலைக் கொண்டுவந்து, தம் கையாலேயே எடை போட்டு, உண்பவர் கையில் நேராகக் கொடுப்பதற்கென அரசு அமைத்துள்ள காய்கனிச் சந்தையே உழவர் சந்தை எனப்படுகிறது. விலை மலிவாக இருப்பதால்தான் உள்ளூர் மக்கள் அங்கே செல்கின்றனர் என்பது பொதுவான பேச்சு. அது உண்மையே எனினும், அச்சந்தைகளை ஊர் ஊராகப் பார்த்துவரும் ஒருவருக்கு அதைவிடப் பெரிய இன்பம் ஒன்று அங்கே கிடைக்கிறது. பறித்த இடத்திலிருந்து நெடுந்தூரம் போக முடியாத காய்கள், போனாலும் மணத்தை வழியிலேயே இழந்துவிடும் கீரைகள், சிறிதளவே விளைவதால் பெருவணிகர் எவரும் ஏறெடுத்துப் பார்க்காத பழங்கள் ஆகியவை அந்தந்த ஊரின் சந்தையில்தான் கிடைக்கும் என்பதால், அவற்றை உண்ண விரும்புவோர் அந்த ஊருக்கே போயாக வேண்டும். மதுரையில் தொடங்கித் திண்டுக்கல், ஈரோடு வழியாக உதகமண்டலம் வரை செல்லும் ஒரு பயணத்தை இந்த நோக்கில் இக்கட்டுரை விவரிக்கிறது.

மதுரையில் தொடங்குவதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. முதலாவது, தமிழ் இலக்கியத்தில் அங்காடியை விரிவாகக் காட்டும் நூல்களுள் ஒன்றான மதுரைக்காஞ்சி இந்நகரைப் பற்றியது என்பதாகும். பாண்டியன் நெடுஞ்செழியனை நோக்கி மாங்குடி மருதனார் பாடிய அந்நூலில், பகலில் கூடும் நாளங்காடியும், மாலையில் தொடங்கி இரவுக்குள் நீளும் அல்லங்காடியும் தனித்தனியே விவரிக்கப்படுகின்றன. அல் என்னும் சொல் இரவைக் குறிக்கும். சிலப்பதிகாரமும் புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே மரங்கள் அடர்ந்த வெளியில் ஒரு நாளங்காடி இருந்ததைக் குறிப்பிடுகிறது. உப்பு விற்ற உமணர் தம் உப்புக்கு ஈடாக நெல்லைப் பெற்றுக்கொண்டதாகச் சங்கப் பாடல்கள் கூறுவதால், விளைவித்தவரும் வேண்டுவோரும் நேருக்கு நேர் நின்று பண்டம் மாற்றிக்கொள்வது இந்நிலத்துக்குப் புதிய வழக்கம் அன்று என்பது தெளிவாகிறது. இரண்டாவது காரணம், இன்றைய உழவர் சந்தைகளில் முதலாவது 1999ஆம் ஆண்டு நவம்பர் 14ஆம் நாள் மதுரை அண்ணா நகரில்தான் திறக்கப்பட்டது என்பதாகும்.

அந்த நாளுக்கு முன்பு காய் விளைவித்த உழவருக்கு இருந்த வழிகள் இரண்டே. ஒன்று வாரச்சந்தை, அதாவது வாரத்தின் குறிப்பிட்ட நாளில் மட்டும் கூடிக் கலையும் சந்தை. பொள்ளாச்சியில் வியாழக்கிழமை கூடும் சந்தை அவ்வகையில் பெயர்பெற்றது. அங்கே உழவரும் வணிகரும் கலந்தே விற்பர். எடை போடாமல் சிறு குவியல்களாகப் பிரித்து, குவியலுக்கு ஒரு விலை சொல்லும் கூறு முறையும், வாங்கியதற்கு மேல் ஒரு கைப்பிடி சேர்த்துப் போடும் கொசுறும் அங்கே இன்றும் வழக்கில் உள்ளன. மற்றொரு வழி மண்டி, அதாவது மொத்த விற்பனைக் கடை. மண்டிக்காரர் உழவரின் சரக்கை ஏலத்தில் விற்றுக் கொடுத்து, விற்ற தொகையில் தமக்குரிய கமிஷனைக் கழித்துக்கொண்டு மீதியைத் தருவார். சரக்கு வண்டியிலிருந்து இறங்கிய பின் திரும்ப எடுத்துச் செல்ல இயலாது என்பதால், கிடைத்த விலைக்குத் தலையாட்டுவதைத் தவிர சிறு உழவருக்கு வேறு வழி இருப்பதில்லை. தக்காளி மலிந்த நாள்களில் பறிப்புக்கூலியும் வண்டி வாடகையும்கூடக் கைக்கு வராமல் வெறுங்கையோடு வீடு திரும்பியவர்கள் எண்ணற்றோர்.

இந்நிலையை மாற்றும் முயற்சி முதலில் வடக்கே தொடங்கியது. 1987இல் பஞ்சாபில் அப்னி மண்டி என்ற பெயரிலும், 1999 ஜனவரியில் ஆந்திரத்தில் ரைத்து பஜார் என்ற பெயரிலும் நேரடி விற்பனைச் சந்தைகள் தோன்றின. மு. கருணாநிதி முதலமைச்சராக இருந்தபோது தொடங்கப்பட்ட தமிழ்நாட்டுத் திட்டம் ஓரிரு ஆண்டுகளிலேயே நூறு சந்தைகளைக் கடந்தது. 2001இல் ஆட்சி மாறியபோது ஆதரவின்றித் தளர்ந்து, 2006க்குப் பின் மீண்டும் உயிர்பெற்று, இன்று மாநிலமெங்கும் நூற்றெண்பதுக்கும் மேற்பட்ட சந்தைகளாக வளர்ந்துள்ளது.

சந்தையின் நடைமுறை எளியது என்றாலும் ஒவ்வொரு விதியும் ஒரு குறிப்பிட்ட சுரண்டலைத் தடுப்பதற்காக வகுக்கப்பட்டது என்பது கவனிக்கத்தக்கது. உழவரின் நிலத்தையும் அதில் உள்ள பயிரையும் அலுவலர்கள் சரிபார்த்த பின்பு புகைப்படத்துடன் கூடிய அடையாள அட்டை வழங்கப்படுகிறது. அந்த அட்டை இல்லாதவர் உள்ளே அமர்ந்து விற்க இயலாது. கடைக்கு வாடகை இல்லை. யாருக்கும் நிலையான கடையும் இல்லை. விடியுமுன் வந்து சேரும் வரிசைப்படி இடம் ஒதுக்கப்படுவதால், நேற்று வாசலோரம் அமர்ந்தவர் இன்று கடைசி வரிசையில் அமர நேரிடலாம். மின்னணுத் தராசு சந்தையே கொடுப்பது என்பதால் எடைக்கல் குறைவு என்ற பழைய குறைக்கு இடமில்லை. அன்றைய மண்டி விலையையும் வெளிக்கடை விலையையும் விசாரித்து, சந்தை அலுவலர் உழவர்களுடன் கலந்து பேசி ஒவ்வொரு நாள் காலையும் விலையை நிர்ணயிக்கிறார். அது மொத்த விலையைவிட ஏறத்தாழ 20 விழுக்காடு கூடுதலாகவும், சில்லறை விலையைவிட ஏறத்தாழ 15 விழுக்காடு குறைவாகவும் அமைய வேண்டும் என்பது கணக்கு. வாசலில் உள்ள விலைப்பலகையில் அது எழுதப்பட்டுவிடுகிறது. பேரம் பேசும் இன்பம் இதனால் போய்விடுகிறதே என்று வருந்துவோர் உண்டு. ஆயினும், பேரம் இல்லாத இடத்தில்தான் வாங்குபவரும் விற்பவரும் பொருளைப் பற்றிப் பேசத் தொடங்குகின்றனர் என்பதைச் சந்தையில் அரை மணி நேரம் நின்றாலே உணரலாம்.

அவ்வாறு பேசிக்கொள்ளும்போது கிடைக்கும் அறிவுக்குக் கீரை விற்கும் பெண்களின் வரிசையே சிறந்த சான்று. முளைக்கீரை, சிறுகீரை, அரைக்கீரை, தண்டுக்கீரை என்ற பெயர்கள் நகரத்துக் கடைகளில் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொல்லப்படுகின்றன. ஆனால் கட்டின் அடிப்பகுதியைப் பார்த்தால் போதும், குழப்பம் தீர்ந்துவிடும். விதைத்துச் சில வாரங்களில் செடியோடு பிடுங்கப்படும் முளைக்கீரையிலும் சிறுகீரையிலும் மண் ஒட்டிய வேர் அப்படியே இருக்கும். அரைக்கீரையோ பாத்தியிலேயே நின்று கிளைத்துக்கொண்டிருக்க, மேலே தழைத்ததை மட்டும் அரிவாளால் அறுத்து எடுப்பர். அறுத்த இடம் மீண்டும் துளிர்க்கும். எனவே அதன் கட்டில் வேர் இராது, வெட்டுமுனைகள் மட்டுமே இருக்கும். தண்டுக்கீரை முற்றும்வரை விடப்பட்டது என்பதால் அதன் தண்டே குழம்புக்கு உரிய காயாகிவிடுகிறது. ஒரு கட்டுக் கீரையின் அடியில் அந்தப் பாத்தியின் வரலாறு முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது என்பது மிகையான கூற்று ஆகாது. மணத்தக்காளியும் பொன்னாங்கண்ணியும் வல்லாரையும் தூதுவளையும் அதே வரிசையில் கிடைக்கும். தூதுவளையின் முள்ளை எப்படி நீக்குவது, அகத்தியின் கசப்பை எப்படித் தணிப்பது என்று கேட்டால், "அரிசி களைஞ்ச தண்ணியில வேக வைங்கக்கா" என்பது போன்ற பதில் தயங்காமல் வரும். அண்ணே, அக்கா, தாயி என்று உறவுமுறை வைத்தே மதுரையில் விற்பனை நடக்கிறது.

காயைத் தேர்ந்தெடுக்கும் கலையும் இங்கேதான் கைமாறுகிறது. வெண்டைக்காயின் நுனியை விரலால் வளைத்தால் சட்டென்று ஒடிய வேண்டும். வளைந்து நாராய்த் தொங்கினால் முற்றிவிட்டது என்று பொருள். கத்தரிக்காயில் காம்பும் அதை ஒட்டிய தொப்பியும் பசுமை மாறாமல் இருக்க வேண்டும். தோலில் ஊசித்துளை அளவு ஓட்டை இருந்தால் உள்ளே புழு இருக்கும், அதைச் சொத்தை என்பர். சுரைக்காயில் நகம் எளிதாக இறங்கினால் பிஞ்சு. விற்பவர் பயிரிட்டவராகவும் இருப்பதால், முற்றலைப் பிஞ்சு என்று சொல்லி விற்கும் எண்ணம் பெரும்பாலும் எழுவதில்லை. மறுநாளும் அதே முகங்களுக்கு எதிரில் அவர் அமர வேண்டியிருக்கிறது.

மதுரைச் சந்தையின் அரிய பொருள் அதலைக்காய் என்று உறுதியாகச் சொல்லலாம். பாகல் இனத்தைச் சேர்ந்த இச்சிறு காய் விரலின் ஒரு கணுவைவிடச் சற்றே பெரியது. மேலே வரிகள் ஓடும். பாகலைப் போலவே கசக்கும். விருதுநகர், தூத்துக்குடி, மதுரை மாவட்டங்களின் கரிசல் நிலத்தில், அதாவது மழை பெய்தால் குழைந்தும் வெயில் காய்ந்தால் வெடித்தும் போகும் கறுப்பு மண்ணில், மண்ணுக்கடியில் உறங்கும் கிழங்கிலிருந்து ஐப்பசி மழைக்குப் பின் இக்கொடி தானாகவே முளைக்கிறது. பெரும்பாலும் யாரும் இதை விதைப்பதில்லை; வரப்பிலும் பருத்திக் காட்டிலும் படர்ந்திருப்பதைப் பெண்கள் பறித்து வந்து, உழவர் சந்தைகளிலும் அவற்றின் வெளிவாசலிலும் குவித்து விற்கின்றனர். பறித்த ஓரிரு நாளில் காய் தானாக வெடித்து விதையைச் சிதறிவிடும் என்பதால் இதைச் சாக்கில் கட்டி லாரியில் ஏற்ற இயலாது. குளிர்சாதனப் பேரங்காடிகளின் அடுக்குகளுக்கு இது வந்து சேர்வதும் இல்லை. வெங்காயமும் தேங்காய்த் துருவலும் சேர்த்த பொரியலாகவோ புளிக்குழம்பாகவோ இதை உண்டவர்கள், ஊரை விட்டுப் பிரிந்த பின் நினைத்து ஏங்கும் சுவைகளில் இதற்கு முதலிடம் கொடுப்பது இயல்பே.

மதுரையிலிருந்து வடக்கே திண்டுக்கல்லுக்குச் செல்லும் வழியில் கிழக்குப் பக்கமாகச் சிறுமலை உடன் வருகிறது. அம்மலையிலும் அதற்கு மேற்கே உள்ள பழனி மலைத்தொடரின் சரிவுகளிலும் விளையும் சிறுமலை வாழையும் விருப்பாட்சி வாழையும் 2008இல் புவிசார் குறியீடு பெற்றவை. ஒரு பொருளின் சிறப்பு அது விளையும் இடத்தாலேயே அமைகிறது என்பதற்குச் சட்டம் வழங்கும் அடையாளமே புவிசார் குறியீடு. இப்பழம் கனியக் கனியத் தோல் சுருங்கிக் கறுத்தாலும் உள்ளே சதை அழுகாமல் இறுகி இனிப்பேறுவதால், பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு உரிய பழமாக நெடுங்காலம் விளங்கிற்று. அப்படியானால் இது தூரம் போகக்கூடிய பழம் அல்லவா என்ற கேள்வி எழும். இதைத் தடுத்தது வேறொன்று: இலைகள் குறுகிக் கொத்தாகக் குவிந்து மரம் தார் போடாமலேயே நின்றுவிடும் முடிக்கொத்து நோய், கடந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் இம்மலைத் தோட்டங்களைப் பெருமளவு அழித்துவிட்டது. எஞ்சியவற்றிலிருந்து, சாலை எட்டாத இடங்களில் குதிரைமேல் சுமை ஏற்றி இறக்கப்படும் தார்களே திண்டுக்கல் சந்தைகளுக்கு வருகின்றன. உரித்த பழத்தின் மணம் எதிரில் நிற்பவருக்கும் எட்டும். சமவெளியின் எந்த வாழைக்கும் அந்த மணம் வாய்க்கவில்லை.

வடமேற்கே கொங்குநாட்டில் நுழைந்ததும் காய்களின் பெயர்களே மாறத் தொடங்குகின்றன. மதுரையில் பூசணி எனப்பட்டது ஈரோட்டில் அரசாணிக்காய் ஆகிறது. தெற்கே சீனியவரை எனப்படுவது இங்கே கொத்தவரை ஆகிறது. நெல்லைப் பக்கம் சாம்பல் பூசணியைத் தடியங்காய் என்பர். அகராதியில் ஒன்றன்கீழ் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும் இப்பெயர்கள் சந்தையில் உயிரோடு புழங்குவதைக் கேட்பது மொழியில் பற்றுள்ள பயணிக்குத் தனி இன்பம். "வாங்க கண்ணு, தட்டக்காய் இன்னைக்குப் பறிச்சதுங்க" என்று அழைக்கும் குரலில் உள்ள மரியாதை, விற்பனைக்காகப் பூசப்பட்டது அன்று. அங்கே வீட்டிலும் அவ்வாறே பேசுகின்றனர்.

ஈரோட்டுக்கு உரிய பொருள் மஞ்சள் என்பதைச் சொல்லத் தேவையில்லை. 2019இல் புவிசார் குறியீடு பெற்ற ஈரோட்டு மஞ்சள், வேகவைத்து உலர்த்தி மெருகேற்றப்பட்டு நாடெங்கும் செல்கிறது. அவ்வடிவில் அது நெடுந்தூரம் போகும் பொருளே. ஆனால் தை பிறப்பதற்கு முந்தைய இரண்டு மூன்று நாள்களில் சம்பத் நகர் உழவர் சந்தைக்குச் செல்பவர் அதன் மறுவடிவைக் காண்பர். இலையும் தண்டும் கிழங்கும் மண்ணும் சேர்ந்தபடியே பிடுங்கிக் கட்டப்பட்ட மஞ்சள் கொத்து பொங்கல் பானையின் கழுத்தில் கட்டுவதற்குரியது. பச்சைக் கிழங்கை விரலால் கீறினால் உள்ளே செம்மஞ்சள் நிறமும், உலர்ந்த பொடியில் இல்லாத ஈரமான கார மணமும் வெளிப்படும். சில நாள்களில் இலை வாடிவிடும். அதன் பின் அது வெறும் கிழங்குதான்.

உதகமண்டலத்தில் இப்பயணம் வேறொரு வேளாண்மைக்குள் நுழைகிறது. ஏறத்தாழ 2,240 மீட்டர் உயரத்தில் உள்ள இந்நகரில் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், நூல்கோல், பட்டாணி போன்றவை விளைகின்றன. கோயம்புத்தூர் கலெக்டராக இருந்த ஜான் சல்லிவன் 1819இல் இம்மலைக்கு ஏறிவந்த பின், இங்கே குடியேறி ஐரோப்பியக் காய்களைப் பயிரிடச் செய்தார். சமவெளியில் இன்றும் இவற்றை இங்கிலீஷ் காய் என்றும், கத்தரி வெண்டை போன்றவற்றை நாட்டுக்காய் என்றும் பிரித்துச் சொல்வது அந்த வரலாற்றின் எச்சம். மலையின் உழவர்களான படகர்கள் இக்காய்களைத் தமதாக்கிக்கொண்டு, மலைச்சரிவுகளில் தலைமுறை தலைமுறையாகப் பயிரிட்டு வருகின்றனர். சந்தையில் அவர்கள் தமக்குள் படக மொழியிலும் வாங்க வருவோரிடம் தமிழிலும் பேசுவதைக் கேட்கலாம்.

இம்மலையின் விளைச்சலில் பெரும்பகுதி இயந்திரத்தில் கழுவப்பட்டு, மேட்டுப்பாளையம் மண்டிகளில் ஏலம் போய், தொலைவில் உள்ள நகரங்களுக்குச் செல்கிறது. அதற்கு முன்பாகக் கேரட்டின் இலை முழுவதும் நீக்கப்படுகிறது. இலையை விட்டுவைத்தால் அது கிழங்கின் ஈரத்தை உறிஞ்சி, கேரட்டை வதங்கச் செய்துவிடும். எனவே உதகை உழவர் சந்தையில் சிலர் விற்கும், பச்சை இலை விறைப்பாக நிமிர்ந்து நிற்கும் கேரட் கட்டு, அன்று காலையிலோ முந்தைய மாலையிலோ மண்ணிலிருந்து வந்தது என்பதற்கு வேறு சான்று தேவையில்லை. அதை ஒடித்தால் வெளிப்படும் ஓசையும், மென்றால் ஊறும் சாறும், சென்னையில் ஒரு வாரம் கழித்து வாங்கும் கேரட்டை உண்டு பழகியவருக்கு இது வேறொரு காயோ என்ற ஐயத்தைத் தரும்.

இச்சந்தைகள் குறையற்றவை என்று சொல்ல இயலாது. பிறர் பெயரில் உள்ள அட்டையை வைத்துக்கொண்டு, மண்டியில் வாங்கிய சரக்கை உழவர் போல் அமர்ந்து விற்கும் வணிகர்கள் பற்றிய புகார் தொடக்கத்திலிருந்தே பல ஊர்களில் உண்டு. அந்தப் பகுதியில் விளையவே விளையாத காய் ஒரு கடையில் மலையாகக் குவிந்திருந்தால், வாங்குபவரே அதை உணர்ந்து அடுத்த கடைக்கு நகரலாம். இன்னொரு குறை ஆழமானது: முப்பது கிலோ காயை விற்க அரை நாள் சந்தையில் அமர வேண்டியிருப்பதால், வயலில் வேலை செய்ய வேறு ஆள் உள்ள குடும்பங்களுக்கும், நகரத்துக்கு அருகில் நிலம் உள்ளவர்களுக்கும் மட்டுமே இது பயன்படுகிறது. அரசுப் பேருந்துகளில் சுமைக்கு அளிக்கப்படும் சலுகை ஓரளவு உதவினாலும், தொலைவில் உள்ள உழவர் இன்றும் மண்டியையே நம்பியிருக்கிறார். நகரங்கள் விரிந்து, சுற்றியுள்ள கீரைப் பாத்திகள் மனைப்பிரிவுகளாக மாறும்போது சந்தைக்கு வரக்கூடிய உழவர்களின் எண்ணிக்கையும் குறைகிறது என்பதே உண்மையில் அஞ்சத்தக்கது. கூரையையும் தராசையும் அரசால் புதிதாகக் கட்டித் தர முடியும். வேரோடு பிடுங்கிய சிறுகீரையை இரண்டு மணி நேரத்தில் கொண்டுவரக்கூடிய தொலைவில் ஒரு பாத்தியை எவராலும் புதிதாகக் கட்டித் தர முடியாது.

ஆதலால் இவ்வூர்களுக்குச் செல்வோர் தங்கும் விடுதியிலிருந்து விடிந்ததும் புறப்பட்டு, ஒரு துணிப்பையும் சில்லறையும் எடுத்துக்கொண்டு, காலை எட்டு மணிக்குள் உழவர் சந்தைக்குச் சென்றுவிட வேண்டும். நல்ல கீரை அதற்கு மேல் நிற்பதில்லை. சமைக்க வசதி இல்லாதவர்கள் பழமும் பச்சைப் பட்டாணியும் வாங்கலாம். எது எப்போது பறித்தது, எந்த ஊர் என்று தயங்காமல் கேட்கலாம். அதலைக்காய் வேண்டுவோர் ஐப்பசி மழைக்குப் பின் மதுரைக்கு வர வேண்டும். மார்கழி முடிந்தால் அது கிடைக்காது.